உம்மாவைத் தூக்குவது

உம்மாவைக் கட்டிலிலிருந்து கதிரைக்கும், கதிரையிலிருந்து கக்கூசுக்கும், திரும்பக் கட்டிலுக்கும் மாற்றுவது ஒரு வருடத்துக்கு மேலாக என்னுடைய வேலையாக இருந்தது. அவருக்கு எழுபத்தாறு வயது. ஆள் பெரிய ஆளில்லை. ஆனால் கால் ஊன்ற முடியாத ஒருவரின் பாரம் தராசில் தெரியும் பாரமல்ல. அவருடைய கக்கத்துக்குள் இரண்டு கைகளையும் கொடுத்து, இரண்டு பேரும் ஒன்றாக "யா அல்லாஹ்" என்று சொல்லி, ஒரே இழுவையில் தூக்குவேன். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம். அப்படித் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் வீடு எத்தாளையில், கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, மணல் நிலத்தில் இருக்கிறது. நான் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். முப்பது வருடத்துக்கு மேல் கதிரையில் உட்கார்ந்து முதுகைக் கூனி முத்திரை குத்தியவன். உம்மா அதற்கு நேர்மாறு. வாப்பா மவுத்தாகி, அவரை அடக்கிய பிறகு வெங்காயத் தோட்டமும் மிளகாய்த் தோட்டமும் அவருடைய பொறுப்புக்கு வந்தன. விடியற்காலையில் பாத்தியில் குந்தினால் வெயில் ஏறும்வரை புல் பிடுங்குவார். குந்தியபடியே ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நகர்ந்து போவார். எனக்குச் சம்பளம் வரத் தொடங்கிய பிறகும் அவர் அதை விடவில்லை. முழங்கால் முதலில் படி ஏறும்போது நொந்தது. பிறகு இறங்கும்போது நொந்தது. பிறகு ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதும் நொந்தது.

நாங்கள் செய்யாத கைவைத்தியமில்லை. என் மனைவி கல்லுப்பைத் தாச்சியில் வறுத்து, பழைய சாரத் துண்டில் முடிந்து, ஒத்தணம் கொடுப்பாள். "இப்ப சொகமா இரிக்கு மகள்" என்று உம்மா கண்ணை மூடுவார். அந்தச் சுகம் உப்பு ஆறும் வரைக்கும்தான். சிலாபத்துப் பக்கத்தில் ஒரு சிங்கள முறிவு வைத்தியரிடம் கொண்டு போனோம். அவர் இலை அரைத்துக் கட்டி, எண்ணெயும் தந்தார். ஒரு மாதம் வீடு முழுக்க அந்த எண்ணெய் மணம். நோவு அதற்கும் அசையவில்லை. கடைசியில் மருந்துக் கடையில் நோவுக் குளிசை வாங்கிக் கொடுக்கத் தொடங்கினேன். போட்ட அரை மணித்தியாலத்தில் உம்மா நடப்பார். அந்தச் சந்தோசத்தில் நான் யாரையும் கேட்காமல் மாதக்கணக்காக வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாள் மலம் கறுப்பாகப் போகிறது என்று மனைவி சொன்னாள். வயிற்றுக்குள் புண்ணாகி இரத்தம் கசிந்திருந்தது. நான்கு நாள் வார்ட்டில் வைத்திருந்தார்கள். குளிசை நின்றதோடு உம்மாவின் நடையும் நின்றுவிட்டது. அந்தக் குளிசையை நானே என் கையால் கொடுத்தேன் என்பதை டொக்டரிடம் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அந்த டொக்டர்தான் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. ஒப்பரேஷன் செய்யலாம்தான், ஆனால் உம்மாவின் இருதயம் மயக்க மருந்தைத் தாங்காது என்றார். "இருக்கிறத வச்சித்தான் சமாளிக்கணும்" என்று சொல்லி, உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பகுதிக்குத் துண்டுச்சீட்டு எழுதித் தந்தார்.

அங்கே இருந்தது சிலாபத்திலிருந்து வந்து வேலை செய்யும் ஓர் இளம் பெண். சிங்களப் பிள்ளை. அயல் வீடுகளில் பழகிய தமிழ் நன்றாகவே வந்தது. துவாயை உருட்டி உம்மாவின் முழங்காலுக்குக் கீழே வைத்து, "அம்மா, கீழே அமத்துங்க, அஞ்சு எண்ணும் மட்டும் விட வேணாம்" என்றாள். முழங்காலைச் சுற்றியிருக்கும் தசைக்குப் பலம் வந்தால் எலும்பின் மேல் விழும் பாரம் குறையும் என்று விளக்கினாள். உம்மா எண்ணவில்லை. ஒவ்வொரு அமத்தலுக்கும் ஐந்து தரம் 'சுப்ஹானல்லாஹ்' என்று தஸ்பீஹ் ஓதினார்.

"கொஞ்சம் முந்தி வந்திருந்தா இவ்வளவுக்கு வராது அம்மா" என்றாள் அந்தப் பெண்.

"முந்தி வர எங்க மகள் நேரம் இரிந்திச்சி" என்றார் உம்மா.

பிறகு அவள் என்னையும் என் மனைவியையும் அழைத்து, தூக்கும் முறையைக் காட்டினாள். ஆளுக்குக் கிட்டவாக நிற்க வேண்டும். காலை அகட்டி வைக்க வேண்டும். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்க வேண்டும். உம்மாவின் இடுப்பைச் சுற்றி ஒரு தடித்த துணியைக் கட்டி, அதைப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று என்று ஆட்டி, அவரையும் சேர்த்து எழும்பச் செய்ய வேண்டும். என் மனைவி இரண்டு தரம் செய்து பார்த்தாள். என்னைக் கூப்பிட்டபோது நான் போகவில்லை. சுவரோரம் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் உம்மாவின் இடுப்பைக் கட்டிப் பிடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. போன் வந்ததுபோல வெளியே போய் நின்றேன். திரும்பும் வழியில் ஓட்டோவில் மனைவி அதைப் பற்றிக் கதை எடுத்தபோது, "உம்மாவத் தூக்க எனக்கு இன்னொராள் படிச்சித் தரணுமா?" என்று கேட்டேன்.

அந்த நேரத்தில் என் நாரியும் கீழ்முதுகும் உளையத் தொடங்கியிருந்தன. காலையில் எழும்பும்போது கட்டில் விளிம்பில் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் நிமிர முடியும். மருந்து பிளாஸ்டர் வாங்கி, சட்டைக்குள் தெரியாமல் ஒட்டிக்கொள்வேன். மனைவிக்கு மணத்திலேயே தெரிந்துவிட்டது.

"ஒருக்கா டொக்டருக்குக் காட்டுங்களேன்" என்றாள்.

"சும்மா உளைவு. படுத்தாச் சரி."

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. கனமூலை ஊரில் மனைவியின் சாச்சி மவுத்தாகி, அவள் காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டாள். பகல் சாப்பாட்டைச் சமைத்து மூடி வைத்திருந்தாள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் வருவேன் என்று சொல்லியிருந்தாள். தென்மேற்குக் காற்று அடிக்கும் காலம். கதவைத் திறந்து வைத்தால் மணல் சோற்றுக்குள் வந்து விழும். முன் கதவையும் பின் கதவையும் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன்.

நடுப்பகல் லுஹர் தொழுகையை முடித்த கையோடு உம்மா கூப்பிட்டார். "மகன், கொஞ்சம் அவசரம்."

அவசரம் என்றதால் நானும் அவசரப்பட்டேன். குனிந்து, கக்கத்துக்குள் கை கொடுத்து இழுத்தேன். உம்மா பாதி எழும்பியிருப்பார். என் நாரிக்குள் ஏதோ ஒன்று அறுந்ததுபோல இருந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. கொதி தண்ணீர் ஊற்றியதுபோல இடது கால் பெருவிரல் வரைக்கும் ஒரு சூடு ஓடியது. கால் மடங்கிவிட்டது. உம்மாவை விடக் கூடாது என்ற ஒரு நினைவு மட்டும் இருந்தது. அவரைப் பிடித்தபடியே கட்டிலில் சரிந்து, வழுக்கி, இரண்டு பேரும் தரைக்கு வந்தோம். அவர் என் மேல்தான் விழுந்தார். அதனால் எலும்பு ஒன்றும் உடையவில்லை.

அவர் மெதுவாகப் பக்கத்தில் நகர்ந்து, கால்களை நீட்டிக் கட்டில் காலில் சாய்ந்தார். நான் இடது பக்கமாகக் கிடந்தேன். எழும்ப முயன்றேன். தலையை உயர்த்தவே கத்தி குத்தியது.

"மகன், என்ன செஞ்சிச்சி?"

"நாரி பிடிச்சிட்டு உம்மா. கொஞ்சம் பொறுங்க. எழும்புறன்."

பொறுத்தோம். நான் எழும்பவில்லை. உம்மாவுக்குப் பொறுக்கவும் முடியவில்லை. சீமெந்துத் தரையில் ஈரம் பரவி, என் முழங்கை வரைக்கும் வந்தது. அவர் உடுப்பின் ஓரத்தை இழுத்து இழுத்து மூடப் பார்த்தார். மற்றப் பக்கம் திரும்பினால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று தெரிந்தும் எனக்குத் திரும்ப முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். என் முகத்தில் மூடிய கண்ணைப் பார்த்தது அவருக்கு இன்னும் அவமானமாக இருந்திருக்கும். இதை அப்போது யோசிக்கவில்லை.

கத்திக் கூப்பிட்டுப் பார்த்தேன். அடுத்த வீடு ஒரு தென்னந்தோட்டம் தள்ளி இருந்தது. வெளியே ஓலைகள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் சத்தத்தில் என் குரல் அறைக்குள்ளேயே நின்றுவிட்டது. கத்தும்போது நாரி இழுத்தது. மூன்றாவது தரத்துக்குப் பிறகு விட்டுவிட்டேன். போன் ஹோலில் டீவி மேசையில் சார்ஜில் இருந்தது. அறை வாசலால் அது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. உம்மா இன்னும் உடுப்பின் ஓரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு கூசும் ஒரு வேலையை அப்போது செய்தேன். அவரை ஏசினேன்.

"அவசரம் அவசரமெண்டு சொன்னா நான் என்ன செய்ய? அவள் போக முந்தியே சொல்லியிருக்கலாமே! ரெண்டு பேராத் தூக்கியிருப்பமே!"

உம்மா தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் தண்ணி குடிக்கிறதக் கொறச்சித்தான் இரிந்தன் மகன். உங்களுக்குக் கரச்சல் குடுக்கக் கூடா எண்டு. இண்டைக்குத் தாகமா இரிந்திச்சி. ஒரு கோப்ப குடிச்சிட்டன்."

அவருடைய உதடு வெடித்திருந்ததை நான் பல நாட்களாகப் பார்த்திருந்தேன். காற்றுக் காலம், அதனால் வெடிக்கிறது என்று நினைத்திருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்துச் செம்பில் வைத்த தண்ணீர் மாலையிலும் அப்படியே இருந்ததையும் பார்த்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். "உம்மா" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. உம்மா இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, உட்கார்ந்தபடியே பின்பக்கமாக நகரத் தொடங்கினார். முழங்கால் இரண்டையும் ஒன்றும் செய்ய முடியாது, அவை பாட்டுக்கு இழுபட்டு வந்தன. ஒரு சாண் நகர்ந்து நிற்பார். "யா அல்லாஹ்" என்பார். இன்னொரு சாண்.

"வேணாம் உம்மா. அவள் வந்திருவாள்."

"நீங்க பேசாம கிடங்க மகன்."

படுக்கை அறை வாசலில் ஒரு நிலைப்படி உண்டு. நான்கு விரல் உயரம் இருக்கும். அந்த நிலைப்படியில் அவர் எவ்வளவு நேரம் போராடினார் என்று என்னால் சொல்ல முடியாது. கையை அப்பால் ஊன்றி, உடம்பைத் தூக்கிப் பார்ப்பார். கை தாங்காது. திரும்ப இந்தப் பக்கமே உட்காருவார். பல தரம். நான் பத்தடிக்குள் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் ஆனது அது ஒன்றுதான். கடைசியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, உருண்டதுபோலத் தாண்டினார். தாண்டும்போது அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மேசை அவருக்கு எட்டவில்லை. சார்ஜர் வயரைப் பிடித்து இழுத்தார். போன் தரையில் விழுந்தது. அவருக்கு அதைப் பாவிக்கத் தெரியாது. வயரைக் கழற்றி, தரையோடு தரையாக என் பக்கம் தள்ளிவிட்டார். நிலைப்படியில் முட்டி நின்றது. திரும்ப நகர்ந்து வந்து, எடுத்து, மறுபடி தள்ளினார். இந்தத் தரம் என் கைக்கு எட்டியது.

மனைவிக்கு எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மையத்து வீட்டில் போனின் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தாள். மூன்று தரம் எடுத்துவிட்டு, வழக்கமாக எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் ஓட்டோக்காரருக்கு எடுத்தேன். அவர் பத்து நிமிடத்தில் வருவதாகச் சொன்னார்.

"மகன், ஆம்பிளயள் வரப் போறாங்க. முக்காடு."

அவருடைய முக்காட்டுத் துணி கட்டிலின் தலைமாட்டில் கிடந்தது. எனக்கு எட்டவில்லை. கைக்கு எட்டிய கட்டில் விரிப்பின் முனையைப் பிடித்து இழுத்து, சுருட்டி, அவர் பக்கம் எறிந்தேன். பாதி வழியில் விழுந்தது. அதற்கும் அவரே நகர்ந்து வர வேண்டியிருந்தது. அதை எடுத்துத் தலையிலிருந்து கால் வரைக்கும் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

ஓட்டோக்காரரும் இன்னொருவரும் பின் கதவின் தாழ்ப்பாளை உடைத்துத்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. ஓட்டோக்காரர் வாசலில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "அல்லாஹ்வே, என்ன இது?" என்றார். பிறகு ஈரத்தைக் கண்டு, காணாததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மொதல்ல அவனத் தூக்குங்க" என்றார் உம்மா.

என்னைத் தூக்க முடியவில்லை. தொட்டதும் நான் அலறினேன். உம்மாவை இரண்டு பேருமாகக் கட்டிலில் ஏற்றினார்கள். என்னைக் கிடந்த இடத்திலேயே விட்டு, முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்தார்கள். மனைவி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தண்ணீர் சுட வைத்து, முதலில் உம்மாவைக் கழுவி உடுப்பு மாற்றினாள். பிறகு எனக்குச் சாரம் மாற்றினாள். பிறகு தரையைக் கழுவினாள். மையத்து வீட்டுக்கு உடுத்த உடுப்போடேயே இவ்வளவும் செய்தாள்.

பிறகு ஆஸ்பத்திரியில், முதுகு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் சவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று டொக்டர் சொன்னார். மூன்று கிழமை ஹோலில் பாய் விரித்துக் கிடந்தேன். அறைக்குள் உம்மா, ஹோலில் நான். மனைவி இரண்டுக்கும் நடுவில் ஓடினாள். நான் கண்ணைத் திறக்கும்போதெல்லாம் அவளுடைய கால்தான் கண்ணுக்கு முன்னால் போகும். நாளுக்கு எத்தனை தரம் அந்த நிலைப்படியைத் தாண்டுகிறாள் என்பதைக் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடக்க முடிந்ததும் அதே உடற்பயிற்சிப் பகுதிக்கு அனுப்பினார்கள். அதே பெண்தான். என் துண்டுச்சீட்டை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கிள், அண்டைக்குக் காட்டினது மறந்து போச்சா?"

"மறக்கல்ல மிஸ். நான் பாக்கவேயில்ல."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மல்லாக்கப் படுத்து முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டு வருவது, வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிப்பது, ஒரே இடத்தில் அரை மணித்தியாலத்துக்கு மேல் உட்காராமல் எழும்பி நடப்பது எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லித் தந்தாள். கந்தோரில் இருந்த காலத்திலேயே இதைச் செய்திருக்கலாம் என்றாள். உம்மாவின் கட்டில் காலுக்குப் பலகைக் கட்டை வைத்து உயர்த்தினால் எழும்புவது லேசு என்றும், கக்கூசுக்குக் கொண்டு போகாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் கொமட் கதிரை வைக்கலாம் என்றும் சொன்னாள். கடைசியாக, இனி நான் யாரையும் தூக்கக் கூடாது என்றாள். தண்ணீர் வாளிகூட அரைவாசிதான்.

கொமட் கதிரைக்கு உம்மா சம்மதிக்கவில்லை. "தொழுற இடத்தில அதயும் வைக்கிறதா?" என்று இரண்டு நாள் கோபமாக இருந்தார். மனைவி அறைக்கு நடுவில் திரை கட்டி, அவர் தொழும் கதிரையை ஜன்னல் பக்கம் மாற்றிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட அன்றைக்கு அவர் அழுதார். முழங்கால் நோவுக்கோ, தரையில் இழுபட்டதற்கோ அவர் அழுது நான் பார்த்ததில்லை. நான் ஒரு கோப்பை தண்ணீர் கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, குடித்து முடிக்கும் வரைக்கும் எழும்பாமல் இருந்தேன். அந்த ஒரு வேலைதான் இப்போது என்னுடையது.

தூக்குவது முழுக்க மனைவியுடையதாகிவிட்டது. அவள் படித்தபடியே செய்கிறாள். துணியைக் கட்டுகிறாள், முழங்காலை மடக்குகிறாள், ஒன்று இரண்டு மூன்று என்கிறாள். நான் பக்கத்தில் நின்று கதிரை நகராமல் காலால் மிதித்துக்கொள்கிறேன்.

ஒரு காலையில் அவள் தேத்தண்ணிக்குச் சீனியை இடது கையால் கலக்குவதைக் கண்டேன். அவள் இடது கைக்காரியில்லை.

"கைக்கு என்ன?"

"ஒண்டுமில்ல. நேத்து பாயக் கழுவின."

வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். பெருவிரல் பக்கம் வீங்கிச் சூடாக இருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். மாதக்கணக்காக இருக்கும் என்றாள். "சொன்னா உம்மாவ ஆர் தூக்குற?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். புத்தளத்தில் கட்டிக்கொடுத்த மகளைக் கூப்பிடலாம் என்றேன். அவள் கைக்குழந்தையோடு இருக்கிறாள். கூலிக்கு ஒரு பெண்ணைத் தேடலாம் என்றேன். அதையும் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அவளுடைய கையைக் காட்டக் கிளினிக்கில் திகதி கிடைத்தது. அன்றைக்கு நானும் கூடப் போக நினைத்தேன். உம்மாவைத் தனியே விட முடியாது. வீட்டில் நான் இருந்தாலும் அவரைத் தூக்க முடியாது, ஆனாலும் ஓர் ஆள் இருக்க வேண்டுமே. மனைவி விடியற்காலையில் எழும்பி, உம்மாவைக் கொமட்டிலிருந்து கட்டிலுக்கு மாற்றி, சாய்வாக உட்கார வைத்து, பாண் துண்டையும் தேத்தண்ணியையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் புறப்பட்டாள். நான் படலை வாசல் வரைக்கும் போனேன். பஸ் வந்தபோது நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவள் பையை வலது தோளில் மாட்டி, இடது கையால் கம்பியைப் பிடித்து, மிதிபலகையில் ஏறினாள். பஸ் வெளிக்கிட்டது. நான் கையைக் காட்டினேன். அவளுக்குத் திருப்பிக் காட்ட ஒரு கை மிச்சமில்லை.